‘உத்தரவு எங்கே?’: அரசு நம்மைக் கண்காணிக்கும்போது குடிமக்கள் செய்யக்கூடியவை

இந்தியாவில் ஒருவருடைய போனை அரசு ஒட்டுக்கேட்டால் அது அவருக்குத் தெரியவே வராது. கேட்கும்போதும் சொல்ல மாட்டார்கள், கேட்டு முடித்த பிறகும் சொல்ல மாட்டார்கள். சொல்லியாக வேண்டும் என்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. அதனால் ‘என் போனை யாராவது கேட்கிறார்களா, எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று விசாரிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்தத் தேடலில் நேரத்தை வீணாக்காதீர்கள் என்பதுதான். பேசும்போது எதிரொலி கேட்பதும் பேட்டரி சீக்கிரம் இறங்குவதும் ஒட்டுக்கேட்புக்கு அடையாளம் ஆகாது. *#21# அடித்துப் பாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும் அப்படித்தான். அந்த எண் கால் ஃபார்வர்டிங் போட்டிருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். வழக்கமான ஒட்டுக்கேட்பு தொலைபேசி நிறுவனத்தின் கருவியில் நடக்கிறது. உங்கள் போனில் அதற்குத் தடயமே இருக்காது.

நம் கையில் இருப்பது வேறொன்று. பேச்சைக் கேட்பது, அழைப்பு விவரம் எடுப்பது, போனைப் பறிமுதல் செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காகிதம் இருந்தாக வேண்டும். அதில் கையெழுத்துப் போடும் தகுதி எல்லா அதிகாரிக்கும் கிடையாது. காரணம், தேதி, கெடு எல்லாம் அதில் வேண்டும். அந்தக் காகிதத்தை எப்போது, யாரிடம், எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முழுக்க இந்தியச் சட்டம் பற்றியது. உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு வாசகருக்குப் பழக்கமானவை.

முதலில்: மூன்று கேள்விகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவரை 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்து, ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் போலீஸ் அவர் பேரில் சரித்திரப் பதிவேடு (ஹிஸ்டரி ஷீட்) திறந்தது. ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவது, எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்று பார்ப்பது எல்லாம் தொடர்ந்தன. 1962-இல் உச்ச நீதிமன்றம் இரவில் வீட்டுக்கு வருவதை மட்டும் ரத்து செய்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்று சொல்லி மற்றதை அப்படியே விட்டுவிட்டது.

அது மாற 55 ஆண்டுகள் ஆயின. நடுவில் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு முக்கியமான வழக்கு போனது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடாமல் தடுக்க அதிகாரிகள் முயன்றபோது, 1994-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. தன் போக்கில் தனியே விடப்படும் உரிமை, உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21-ஆம் பிரிவுக்குள்ளேயே அடக்கம். ஆனால் அரசு அதிகாரிகள் தங்கள் உத்தியோகச் செயல்களை மறைக்க அந்த உரிமையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அந்தரங்கம் குடிமகனுக்கு, வெளிப்படைத்தன்மை அதிகாரத்துக்கு என்ற இந்தப் பிரிவினையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கடைசியில் 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்றார்கள். அரசு அதில் கை வைக்கலாம். ஆனால் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இதற்குச் சட்டம் இருக்கிறதா? நோக்கம் நியாயமானதா? நோக்கத்துக்குத் தேவையான அளவுக்குள் நிற்கிறதா? போலீஸ் ஸ்டேஷனோ நகராட்சி அலுவலகமோ, எங்கே மனு எழுதினாலும் இந்த மூன்றையும் வைத்தே எழுதுங்கள்.

அடுத்து: எந்த வகைக் கண்காணிப்பு என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றையும் ‘போன் டேப்பிங்’ என்று சொல்லிவிடுகிறோம். சட்டம் வேறு வேறு என்பதால் பிரித்துப் பார்க்காமல் கேள்வி கேட்டால் பதில் வராது.

பேச்சையும் எஸ்.எம்.எஸ்ஸையும் இடைமறிப்பது இப்போது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு முன் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம். இரண்டிலும் நிபந்தனை ஒன்றுதான்: பொது அவசரநிலை இருக்க வேண்டும், அல்லது பொதுமக்கள் பாதுகாப்புக்குத் தேவைப்பட வேண்டும். மத்திய அரசில் உள்துறைச் செயலர், மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலர் உத்தரவிட வேண்டும். உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. அவசரத்தில் கீழே உள்ள அதிகாரி தொடங்கிவிட்டால் ஏழு வேலை நாளுக்குள் மேலிடம் உறுதி செய்ய வேண்டும். ஒவ்வோர் உத்தரவும் மறுஆய்வுக் குழு முன் போக வேண்டும். மாநிலத்தில் அதற்குத் தலைமைச் செயலர் தலைவர். இந்த முறைக்கு வித்திட்டது 1996-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் வாங்கிய தீர்ப்பு. அதில் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. உத்தரவு போடுவதும் அதிகாரி, அதைச் சரிபார்ப்பதும் அதிகாரிகள். நீதிபதி எங்கேயும் இல்லை.

கணினி, இணையம் வழியாகப் போகும் தகவலுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு. இது இன்னும் அகலமானது. ஏதாவது ஒரு குற்றத்தின் புலனாய்வு என்றாலே போதும், பொது அவசரநிலை தேவையில்லை. 2018 டிசம்பர் 20 அன்று உளவுத்துறை, சி.பி.ஐ., அமலாக்கத்துறை, வருமான வரி வாரியம் உள்பட பத்து அமைப்புகளுக்கு இந்த அதிகாரத்தை உள்துறை அமைச்சகம் கொடுத்தது.

சி.டி.ஆர். எனப்படும் அழைப்பு விவரத்தில் பேச்சு இருக்காது. யாரோடு, எப்போது, எத்தனை நிமிடம், எந்த டவரின் கீழ் என்பது இருக்கும். ஒருவரின் வாழ்க்கையைப் படித்துவிட அது போதும். நிறுவனங்கள் இதைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். கேட்டு வாங்க எஸ்.பி. நிலை அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். தெரிந்த போலீஸ்காரரை வைத்துச் சொந்தக்காரர் ஒருவரின் சி.டி.ஆர். எடுத்தேன் என்று யாராவது பெருமையடித்தால், அது குற்றம்.

இவை போக கேமரா, முக அடையாள மென்பொருள், ஆதார் பதிவுகள். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரோட்டில் நிறுத்தி ‘போனைத் திற’ என்றால்

பெரும்பாலானவர்கள் அரசின் கண்காணிப்பை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இதுதான். 2021 அக்டோபரில் ஹைதராபாத் தெருக்களில் கஞ்சா சோதனை என்று சொல்லி, வண்டியில் போகிறவர்களை நிறுத்தி வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொல்லிப் பார்த்த வீடியோ நாடெங்கும் பரவியது. நம் ஊரிலும் வாகனச் சோதனையில் இப்படிக் கேட்பது நடக்கிறது.

ராத்திரி பத்தரை மணி. லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் காட்டியாகிவிட்டது. ‘போனைக் குடு, கேலரியைத் திற’ என்கிறார் எஸ்.ஐ. லைசென்ஸைக் காட்டச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்துகிறது. கேலரியைக் காட்டக் கட்டாயப்படுத்தவில்லை. சத்தம் போடாமல், மரியாதையாக இப்படிச் சொல்லலாம்:

“சார், வண்டி பேப்பர் எல்லாம் பாத்துக்கங்க. போன்ல வீட்டு விஷயம் இருக்கு சார். ஏதாவது கேஸ் இருந்தா சம்மன் குடுங்க, ஸ்டேஷனுக்கு வந்து பதில் சொல்றேன்.”

இதில் மூன்று காரியம் நடந்துவிடுகிறது. நீங்கள் ஒத்துழைக்க மறுக்கவில்லை. சம்மதம் தரவும் இல்லை. எழுத்தில் கேளுங்கள் என்றும் சொல்லிவிட்டீர்கள். சம்மதம் என்பது இங்கே பெரிய விஷயம். நீங்களாகவே நீட்டிவிட்டால், பிறகு ‘அவரே காட்டினார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

வற்புறுத்திப் பிடுங்கினால் இழுபறி வேண்டாம். கை ஓங்காதீர்கள், தள்ளாதீர்கள். ‘அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார்’ என்று ஒரு வழக்கு சுலபமாக வந்து சேரும். ‘நான் சம்மதிக்கவில்லை சார்’ என்று பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி ஒருமுறை சொல்லுங்கள். சட்டையில் உள்ள பெயர், ஜீப் நம்பர், இடம், நேரம் நான்கையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். போன் கைக்கு வந்ததும் அவற்றை எழுதி உங்களுக்கே மெயில் அனுப்புங்கள். அந்த மெயிலில் பதிவாகும் நேரம் பிற்பாடு பெரிய சாட்சி.

இப்படிச் சொல்வது ஒரு வக்கீலுக்குச் சுலபம். சேரியிலிருந்து கொத்து வேலைக்குப் போகும் இருபது வயதுப் பையனுக்கோ பீகாரிலிருந்து வந்த தொழிலாளிக்கோ சுலபம் அல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் எதிர்த்துப் பேசு என்று அறிவுரை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த இடத்தில் பத்திரமாக வீடு திரும்புவது முதல் வேலை. புகார் மறுநாள் எழுதலாம். பக்கத்தில் நிற்கும் நாம் செய்ய வேண்டியது, நகர்ந்து போகாமல் நின்று பார்ப்பது, சாட்சி சொல்ல முன்வருவது.

ஒரு சின்ன ஏற்பாட்டை இன்றைக்கே செய்து வையுங்கள். டிஜிலாக்கரில் லைசென்ஸ் காட்டும்போது திறந்த போன் அவர் கைக்குப் போகிறது. ஆண்ட்ராய்டில் ‘ஸ்கிரீன் பின்னிங்’, ஐபோனில் ‘கைடட் ஆக்சஸ்’ போட்டுவிட்டால் அந்த ஒரு செயலியைத் தவிர வேறெதுவும் திறக்காது. அதைவிடவும் நல்லது, ஒரிஜினல் லைசென்ஸ் அட்டையைப் பர்ஸில் வைத்திருப்பது.

போனைப் பறிமுதல் செய்தால்

வழக்கு ஒன்று இருந்து, புலனாய்வுக்குத் தேவை என்றால், போலீஸ் போனைக் கைப்பற்றலாம். அதை மறுக்க முடியாது; ஆனால் முறை இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 94-ஆம் பிரிவில், போனைக் கொண்டுவந்து ஒப்படைக்க எழுத்தில் உத்தரவு தரலாம். தேடிக் கைப்பற்றினால் 105-ஆம் பிரிவின்படி அதை வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்குத் தாமதமின்றி அனுப்ப வேண்டும். அதனால் ‘வீடியோ எடுக்கிறீங்களா சார்?’ என்று கேட்பது உங்கள் உரிமை.

கைப்பற்றியதற்கு மகஜர் என்ற எழுத்துப் பதிவு தயாரிப்பார்கள். அதில் போனின் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண், சிம் எண், மெமரி கார்டு, போன் ஆனில் இருந்ததா ஆஃபில் இருந்ததா என்பது வரை இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ‘ஹாஷ் வேல்யூ’ குறித்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். போனில் உள்ள தரவுக்குக் கணக்கிடப்படும் நீண்ட எண் அது. பிறகு யாராவது ஒரு கோப்பைச் சேர்த்தாலோ நீக்கினாலோ அந்த எண் மாறிவிடும். மகஜரில் அது இல்லை என்றால், பின்னால் உங்கள் வக்கீல் அதையே கேள்வியாக்கலாம்.

பாஸ்வேர்டு விஷயத்தில் உயர் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல், பாஸ்வேர்டு தருவது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகாது என்றது. டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல், குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியல் சாசனத்தின் 20(3)-ஆம் பிரிவு அவருக்குத் துணை நிற்கிறது. எனவே அந்த இடத்தில் நீங்களே முடிவெடுக்காமல், ‘வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் போனை ஆஃப் செய்ய முடிந்தால் செய்யுங்கள். ஆஃப் ஆன போன் பின் நம்பர் போடும் வரை பூட்டிய நிலையில் இருக்கும். கைரேகை, முகம் எதுவும் செல்லாது.

ஆனால் ஒன்று: வழக்கு வந்த பிறகு எதையும் அழிக்காதீர்கள். சாட்சியத்தை அழித்த குற்றம் தனியாக வந்து, இல்லாத பிரச்சினை இருக்கிற பிரச்சினையாகிவிடும்.

ஒட்டுக்கேட்ட பேச்சு வழக்கில் ஆதாரமாக வந்தால்

ஒட்டுக்கேட்பு வெளியே தெரிய வரும் வாசல் பெரும்பாலும் குற்றப்பத்திரிகைதான். அப்போது என்ன செய்யலாம் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று தந்த தீர்ப்பு நல்ல பாடம். வருமான வரி அதிகாரி ஒருவர் லஞ்சம் கேட்டதாக சி.பி.ஐ. பதிந்த வழக்கில், ஒரு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருடைய போனை ஒட்டுக்கேட்க உள்துறை அமைச்சகம் 2011 ஆகஸ்டில் உத்தரவிட்டிருந்தது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்து செய்தார். லஞ்ச வழக்கு என்பதற்காக அதைப் பொது அவசரநிலை என்றோ பொதுமக்கள் பாதுகாப்பு என்றோ கொள்ள முடியாது. பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை. எனவே அவற்றை ஆதாரமாகப் பயன்படுத்தக் கூடாது என்றார். பம்பாய் உயர் நீதிமன்றமும் 2019-இல் இதே மாதிரி ஒரு வழக்கில் மூன்று உத்தரவுகளை ரத்து செய்து, பதிவுகளை அழிக்கச் சொன்னது.

இதற்கு நேர்மாறான பார்வையும் இருக்கிறது. முறைகேடாக எடுத்த ஆதாரமும் வழக்குக்குத் தொடர்புடையது என்றால் செல்லும் என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அரசுத் தரப்பு இன்றும் மேற்கோள் காட்டும். அதனால் உங்கள் வாதம் வெறும் ‘என் அந்தரங்கம் போச்சு’ என்று இருந்தால் போதாது. வக்கீலிடம் இந்தப் பட்டியலைக் கொடுங்கள்: உத்தரவின் நகல், கையெழுத்திட்டவரின் பதவி, தேதி, அதில் எழுதப்பட்ட காரணம், நீட்டிப்பு உத்தரவுகள், மறுஆய்வுக் குழு கூடிய பதிவு, மின்னணு ஆதாரத்துக்கான, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ். இவற்றில் எது வரவில்லையோ அங்கிருந்து வாதத்தைத் தொடங்கலாம்.

ஜாமீன் நிபந்தனையிலும் கண்காணிப்பு நுழையும். எந்நேரமும் இருக்குமிடம் தெரியும்படி கூகுள் மேப்பில் பின் போட வேண்டும் என்று வெளிநாட்டவர் ஒருவருக்கு விதித்த நிபந்தனையை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. உங்கள் ஜாமீன் உத்தரவில் அப்படி இருந்தால் தளர்த்தக் கேட்டு மனுப் போடுங்கள்.

ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) எழுதுவது

‘என் போன் ஒட்டுக்கேட்கப்படுகிறதா?’ என்று கேட்டால் பதில் வராது. தனிப்பட்ட ஒட்டுக்கேட்பு விவரத்தைத் தர வேண்டியதில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2023-இல் சொல்லிவிட்டது. மொத்தக் கணக்கையும் நடைமுறையையும் கேட்பதுதான் வழி. ஒரு ஆர்டிஐ மூலம்தான், மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போடுகிறது என்பது பத்து ஆண்டுகளுக்கு முன் வெளியே வந்தது. மாதத்துக்கு இத்தனை ஆயிரம் உத்தரவுகளை ஒரு செயலர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முக அடையாளத்தில் 80 சதவீதம் ஒத்துப்போனாலே ‘இவர்தான்’ என்று எடுத்துக்கொள்வதாக டெல்லி போலீஸ் ஒப்புக்கொண்டதும் 2022-இல் ஒரு ஆர்டிஐ பதிலில்தான்.

வெள்ளைத் தாளில், பொதுத் தகவல் அலுவலர், உள்துறை, தலைமைச் செயலகம், சென்னை என்று எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேள்விகள் இப்படி இருக்கலாம்:

“தொலைத்தொடர்புச் சட்டம் 2023, பிரிவு 20(2)-இன் கீழ் 2024 ஜூலை முதல் இன்று வரை மாநில அரசு பிறப்பித்த இடைமறிப்பு உத்தரவுகளின் எண்ணிக்கை, மாதவாரியாக. இதே காலத்தில் மாநில மறுஆய்வுக் குழு கூடிய தேதிகள். குழு ரத்து செய்த உத்தரவுகளின் எண்ணிக்கை.”

உங்கள் ஊர் கேமராவுக்கு மாநகர காவல் ஆணையர் அலுவலகத்தையோ மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தையோ கேளுங்கள்: முக அடையாள மென்பொருள் வாங்கிய ஆணையின் நகல், பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது, யார் பார்க்கலாம் என்ற எழுத்து விதி, இதுவரை தவறாக அடையாளம் காணப்பட்டவர்கள் எத்தனை பேர். தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே 2024 மே மாதம் வெளியார் புகுந்தார்கள். அதனால் ‘தரவை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?’ என்பதும் நியாயமான கேள்வி.

முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். உளவுப் பிரிவுகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு கிடையாது. அதனால் உங்கள் கேள்வி மனித உரிமை மீறல் பற்றியது என்றால் அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

உங்கள் பெயரில் என்ன பதிவாகிறது என்று நீங்களே பாருங்கள்

ஆதார் இணையதளத்தில் ‘ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி’ என்ற பகுதி இருக்கிறது. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை எப்போது, யார் சரிபார்த்தார்கள் என்று காட்டும். முன்பு ஐந்து ஆண்டு வைத்திருந்த அந்தப் பதிவை ஆறு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றது ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்புதான். தெரியாத பதிவு இருந்தால் 1947-க்குப் போன் செய்யுங்கள். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கேயே உண்டு; ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டியவர்கள் திறந்துவிட்டுப் போக நினைவு வைத்துக்கொள்ளுங்கள். நகல் கேட்கும் இடங்களில் முதல் எட்டு எண்கள் மறைந்த ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுங்கள்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். நல்ல வசதிதான். ஆனால் அந்தச் செயலியை எல்லாப் புதிய போனிலும் கட்டாயமாகப் போட வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் அரசு உத்தரவிட்டபோது எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். குரல் எழுப்பினால் எதுவும் மாறாது என்று சொல்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

போனில் செய்ய வேண்டியவை

ஆறு இலக்க பின் நம்பர் போடுங்கள். பிறந்த தேதி வேண்டாம். சோதனை இருக்கும் இடத்துக்குப் போகுமுன் கைரேகைத் திறப்பை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் பவர் பட்டனை அழுத்தினால் வரும் பட்டியலில் ‘லாக்டவுன்’ இருந்தால் அதுவே போதும். வாட்ஸ்அப் பேச்சு வழியில் யாராலும் படிக்க முடியாதபடி போகிறது, சரி. ஆனால் அதன் பேக்கப் கூகுள் டிரைவில் பூட்டில்லாமல் கிடக்கலாம். செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் போய் ‘எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்’ ஆன் செய்யுங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் பாதிக் கவலை குறையும்.

பத்திரிகையாளர், மனித உரிமைப் பணியாளர், தொழிற்சங்கத்தவர் என்றால் பெகாசஸ் போன்ற உளவு மென்பொருளையும் நினைக்க வேண்டும். அதை வைத்து இங்கே பலரை உளவு பார்த்ததாக 2021 ஜூலையில் விவகாரம் வெடித்து, உச்ச நீதிமன்றம் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் குழு அமைத்தது. 29 போன்களைப் பார்த்து ஐந்தில் ஏதோ தீங்கு மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை என்பது 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ஐபோனில் ‘லாக்டவுன் மோட்’ இப்படிப்பட்ட தாக்குதலுக்கென்றே இருக்கிறது. ஆப்பிளிடமிருந்து எச்சரிக்கை வந்தால் போனை ரீசெட் செய்யாதீர்கள், தடயம் போய்விடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறு போனில் பேசத் தொடங்கி, டிஜிட்டல் உரிமை அமைப்பு ஒன்றிடம் சோதனைக்குக் கொடுங்கள்.

எங்கே போவது

எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் எழுத்தில், எஸ்.பி. அல்லது ஆணையருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்டேஷனில் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுத வக்கீல் தேவையில்லை. ஆனால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் எழுத வேண்டும். உத்தரவையே எதிர்ப்பது என்றால் அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு; தென்மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளையில் போடலாம். செலவுக்கு வழியில்லை என்றால் 15100-க்குப் பேசுங்கள், இலவச சட்ட உதவி மையத்தின் எண் அது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். போகும்போது மகஜர் நகல், சி.எஸ்.ஆர்., ஆர்டிஐ பதில், நீங்கள் உங்களுக்கே அனுப்பிக்கொண்ட அந்த மெயில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.